பேட்டரிக்குள் மின்சாரம் இல்லை: கோமோவின் வோல்டா மியூசியத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு எட்டு வயதுக் குழந்தையிடம் கேளுங்கள். ‘கரண்ட் இருக்கு’ என்று பதில் வரும். பெரியவர்களில் பலரும் மனதில் வைத்திருப்பது அதே பதில்தான். மின்சாரத்தை உள்ளே அடைத்து விற்கிறார்கள், நாம் செலவழிக்கச் செலவழிக்க அது காலியாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கடையிலிருந்து வாங்கி வந்த புதுப் பேட்டரி கட்டையில் எத்தனை எலக்ட்ரான்கள் (கம்பியில் ஓடிக் கரண்டாகிற நுண்துகள்கள்) இருக்கின்றனவோ, தீர்ந்துபோய்த் தூக்கிப்போடும் கட்டையிலும் அத்தனையே இருக்கின்றன. ஒரு முனை வழியாக வெளியே போனவை எல்லாம் மறு முனை வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடுகின்றன. அப்படியானால் தீர்ந்துபோனது எது?

இதைக் குழந்தைக்குக் கண்ணால் பார்த்தே புரியவைக்க, எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான இடம் வடக்கு இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில் இருக்கிற தெம்பியோ வோல்டியானோ. பேட்டரியைக் கண்டுபிடித்த அலெசாண்ட்ரோ வோல்டா 1745-ல் பிறந்ததும் 1827-ல் இறந்ததும் இதே கோமோவில்தான். அவருடைய கருவிகளை வைப்பதற்கென்றே பஞ்சாலை அதிபர் பிரான்செஸ்கோ சொமாயினி தன் சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்து, 1928-ல் திறந்த மியூசியம் இது. தூண்களும் முக்கோண முகப்பும் குவிமாடமுமாக, வெளியிலிருந்து பார்க்கப் பழைய ரோமானியக் கோவில் மாதிரி இருக்கும். யூரோ வருவதற்கு முன் புழங்கிய 10,000 லிரா நோட்டில் ஒரு பக்கம் வோல்டாவின் முகமும் மறுபக்கம் இந்தக் கட்டடமும் அச்சாகியிருந்தன.

உள்ளே இருப்பது குவிமாடத்துக்குக் கீழே ஒரு வட்டக் கூடம், கண்ணாடிப் பெட்டிகள், மேலே சுற்றிவரும் ஒரு மாடம். அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிற நவீன அறிவியல் கூடம் அல்ல. இது குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்காதா என்று கேட்கலாம். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் கட்டாயம் சலிப்பாக இருக்கும். எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாலைந்து பெட்டிகள் போதும். அவற்றின் முன்னால் நின்று கதை சொல்ல, கூட வருகிற பெரியவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பராமரிப்புக்காகவும் வாராந்திர விடுமுறைக்காகவும் மூடியிருக்கும் நாட்கள் உண்டு. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையும் முன்பே குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. வோல்டா பேட்டரியைக் கண்டுபிடித்த நூற்றாண்டைக் கொண்டாட 1899-ல் கோமோவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடத்தினார்கள். அவருடைய கருவிகள் எல்லாம் அங்கே வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு ஜூலை 8 அன்று பொருட்காட்சியில் தீப்பிடித்து, கருவிகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. தப்பியவை கொஞ்சம், மற்றவற்றைப் பழைய குறிப்புகளையும் படங்களையும் வைத்து மறுபடி செய்தார்கள். ஆகவே இந்தக் கூடத்தில் அசலும் இருக்கிறது, பிரதியும் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ‘இது அவர் கையால் தொட்டதா, பின்னால் செய்ததா?’ என்று குழந்தைகளைக் கேட்க விடுங்கள். பதிலைத் தேடும் சாக்கில் பொருளை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் பேட்டரிக்கு முந்திய காலம். அன்றைக்கு மின்சாரம் என்றால் தேய்த்து உண்டாக்குவது மட்டும்தான். வோல்டா 1775-ல் அறிமுகப்படுத்திய எலக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியைக் காட்டுங்கள். பிசின் வார்த்த ஒரு தட்டு, அதன்மேல் வைக்க ஒரு உலோகத் தட்டு, அதைத் தூக்கக் கண்ணாடிக் கைப்பிடி. பிசினைப் பூனை மயிரால் நன்றாகத் தேய்த்து, உலோகத் தட்டை மேலே வைத்து, விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கினால் அதிலிருந்து ஒரு பொறி பறக்கும். மறுபடி வைத்து, தொட்டு, தூக்கினால் இன்னொரு பொறி. ஆனால் ஒவ்வொரு பொறியும் ஒரு நொடிகூட நிற்காது. சடக் என்று ஒரு சத்தம், முடிந்தது. குளிர்நாட்டில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது கேட்கிற அதே சத்தம். இந்தப் பொறியை வைத்துக்கொண்டு ஒரு விளக்கை எரிக்க முடியாது, மோட்டாரைச் சுற்ற முடியாது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது வோல்டாவின் துப்பாக்கி. 1776-ல் மஜோரே ஏரியில், அஞ்ஜெரா என்ற ஊர்ப் பக்கம், சேற்றைக் கிளறியபோது குமிழ் குமிழாக வந்த வாயுவைப் பிடித்து, அது எரியக்கூடியது என்று கண்டார் வோல்டா. இன்றைக்கு மீத்தேன் என்கிறோமே, அதுதான். எரியும் வாயுவையும் காற்றையும் கலந்து ஒரு குப்பியில் அடைத்து, உள்ளே மின்பொறியைப் பாய்ச்சினால் பட்டென்று வெடித்து அடைப்பான் தெறிக்கும். அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஒரு கடிதத்தில் இன்னொரு யோசனையும் இருக்கிறது: கோமோவிலிருந்து மிலான் வரை, சுமார் 40 கிலோமீட்டர், மரக் கம்பங்களில் கம்பி இழுத்து, இங்கே பொறி உண்டாக்கி அங்கே துப்பாக்கியை வெடிக்கச் செய்யலாம் என்று. தந்தி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது அப்போது. யோசனை நிறைவேறவில்லை. ஒரு நொடி மட்டும் வாழும் பொறியால் ஒரே ஒரு ‘டப்’ சத்தத்தைத்தான் அனுப்ப முடியும். பேச்சை அனுப்ப முடியாது.

தேவைப்பட்டது விடாமல் ஓடும் மின்சாரம். அது வந்தது ஒரு தவளையின் காலிலிருந்து.

பொலோன்யா நகரத்து மருத்துவப் பேராசிரியர் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால்கள் சில உலோகங்கள் பட்டால் துள்ளுவதைக் கவனித்தார். பித்தளைக் கொக்கியில் மாட்டிய கால் இரும்பு வேலியில் படும்போது உதைத்துக்கொள்ளும். உயிர்களின் உடம்புக்குள்ளேயே ஒரு மின்சாரம் ஊறுகிறது, உலோகம் அதற்கு வழி திறந்துவிடுகிறது என்று 1791-ல் எழுதினார். வோல்டா முதலில் இதை நம்பினார். பிறகு தானே செய்து பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டு முனையிலும் ஒரே உலோகம் என்றால் கால் சரியாகத் துள்ளுவதில்லை. இரண்டு வேறு உலோகங்கள் என்றால் நன்றாகத் துள்ளுகிறது. அப்படியானால் மின்சாரம் தவளையிடமிருந்து வரவில்லை, மின்சாரம் வந்திருப்பதைக் காட்டும் கருவியாகத்தான் தவளை இருக்கிறது என்று வோல்டா வாதாடினார். தவளைக்குப் பதில் தன் நாக்கையே பயன்படுத்தினார். நாக்கின் மேலே ஒரு உலோகம், கீழே வேறொரு உலோகம், இரண்டும் முன்னால் தொட்டுக்கொள்ளும்போது ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புதான் மின்சாரத்தின் சுவை.

இதில் யார் சொன்னது சரி என்று குழந்தைகள் கேட்பார்கள். இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சரி. அந்தத் துள்ளலில் உலோகங்களின் பங்கை வோல்டா சரியாகப் பிடித்தார். நரம்புகளில் ஓடும் செய்தி மின்சாரச் செய்திதான் என்பதில் கால்வானி சொன்னதிலும் உண்மை இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. நம் இதயத்துடிப்பை இ.சி.ஜி.யில் பதிவு செய்ய முடிவது அதனால்தான்.

சரி, இப்போது நீங்கள் வந்த காரியத்துக்கு வாருங்கள். வோல்டா தகடுகளை அடுக்கிச் செய்த முதல் பேட்டரி, அதாவது ‘அடுக்கு’, இருக்கும் பெட்டியின் முன்னால் குழந்தைகளை நிறுத்துங்கள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டப் போகட்டும். செங்குத்தாக நிறுத்திய குச்சிகளுக்கு நடுவே வட்ட வட்டமாகத் தகடுகள். ஒரு நிறம், அடுத்தது வேறு நிறம், நடுவே ஒரு வில்லை, மறுபடி அதே வரிசை. பாசி படிந்த மாதிரி நிறம் மாறிய ஓரங்கள். மூடி இல்லை, உறை இல்லை, ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. நம் வீட்டு ரிமோட்டில் இருக்கும் பேட்டரியை உறையோடுதான் பார்க்கிறோம், அதனால் அது மந்திரப் பொருளாகவே இருந்துவிடுகிறது. இங்கே அது அக்கு அக்காகத் தெரிகிறது.

வோல்டா இதைப் பற்றி 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். செம்பு, அதைவிட நல்லது வெள்ளி. வெள்ளீயம், அதைவிட நல்லது துத்தநாகம். இவற்றை ஜோடி ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையோ தோலோ வைத்து, முப்பது, நாற்பது, அறுபது என்று அடுக்கிக்கொண்டே போ என்பதுதான் செய்முறை. இரண்டு முனைகளையும் ஈரக் கையால் தொட்டால் அதிர்ச்சி தெரியும். கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டால் மறுபடி தெரியும். யாரும் தேய்க்க வேண்டாம், சுற்ற வேண்டாம். கம்பிகளை இரண்டு காதுக்குள்ளும் விட்டுப் பார்த்ததாகவும், ஏதோ கொதிப்பது மாதிரி சத்தம் கேட்டதாகவும், மூளைக்கு ஆபத்தோ என்று பயந்து அந்தச் சோதனையை விட்டுவிட்டதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார்.

இனி உள்ளே நடப்பது என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எல்லா உலோகங்களிலும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிடிவாதம் உலோகத்துக்கு உலோகம் மாறும். துத்தநாகம் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். செம்பு அவ்வளவு எளிதில் விடாது. துத்தநாகத்தை உப்புத் தண்ணீரில் வைத்தால் அதன் அணுக்களில் சில, ஆளுக்கு இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இப்போது தகட்டில் எலக்ட்ரான்கள் உபரி. அவை போக ஒரு வழி தேடும். துத்தநாகத்திலிருந்து செம்புக்கு ஒரு கம்பி போட்டுக் கொடுத்தால் அதன் வழியாக ஓடும். அந்த ஓட்டம்தான் கரண்ட். செம்புப் பக்கம் போய்ச் சேர்ந்த எலக்ட்ரான்களை ஈரத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும். நடுவிலிருக்கும் உப்பின் துகள்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து கணக்கைச் சமன் செய்யும். அதனால்தான் அட்டை நனைந்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

துத்தநாகம் கரைகிற வரைக்கும், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள மறுபக்கம் ஏதாவது இருக்கிற வரைக்கும், ஓட்டம் இருக்கும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்வது இந்த வேதிப்பொருள் மாறி முடிந்துவிட்டது என்பதைத்தான். எலக்ட்ரான் தீரவில்லை, அதைத் தள்ளிவிட ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்தத் தள்ளலின் அளவுதான் வோல்ட். வோல்டாவின் பெயரில் அமைந்த இந்த அலகை 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு அதிகாரபூர்வமாக ஏற்றது. ஒரு செம்பு–துத்தநாக ஜோடி உப்புத் தண்ணீரோடு தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பிறகு எதற்கு அடுக்க வேண்டும் என்றால், தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுத்தால் தேர் அசையாது. ஒருவருக்குப் பின் ஒருவராக ஒரே வடத்தைப் பிடித்து, ஒரே திசையில் இழுக்கும்போது பலம் கூடுகிறது. ஜோடிகளும் அப்படித்தான். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

இதில்தான் வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவார்கள். எல்லா உலோகத்துக்கும் நடுவே ஈரத் துணி வைத்துவிடக் கூடாது. செம்பு, ஈரத் துணி, துத்தநாகம். அதன்மேல் துணி இல்லாமல் நேரடியாக அடுத்த செம்பு, ஈரத் துணி, துத்தநாகம். உலோகமும் உலோகமும் தொடும் இடம் ஒன்று, ஈரம் இருக்கும் இடம் ஒன்று, மாறி மாறி வர வேண்டும். எல்லா இடத்திலும் துணி வைத்தால் ஒரு ஜோடி மேலே தள்ளும், அடுத்தது கீழே தள்ளும், இரண்டும் கழிந்து பூஜ்யம் ஆகிவிடும். மியூசியத்தில் அடுக்கைப் பார்க்கும்போதே இந்த வரிசையைக் குழந்தைகளை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். திரும்பி வந்து செய்யும்போது அந்தப் படம்தான் செய்முறை.

செய்வதற்கு அதிகம் செலவில்லை. ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. வாஷர் கேளுங்கள், அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். செம்புக்கு மெல்லிய செம்புத் தகட்டை வாஷர் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், அல்லது மேல் உறை உரித்த மின்கம்பியை வட்டமாகச் சுருட்டித் தட்டையாக்கலாம். ஒரு ரூபாய் நாணயம் உதவாது, அது எவர்சில்வர் வகை. பழைய பனியன் துணியை வட்டமாக வெட்டி, உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் உப்புத் தண்ணீர் ஓரமாக வழிந்து ஜோடிகளைக் குறுக்கே இணைத்துவிடும், வோல்ட் ஏறாது. வோல்டாவுக்கும் இதே தொல்லை இருந்தது. அடுக்கு உயர உயர மேல் தகடுகளின் கனம் கீழ் அட்டைகளைப் பிழிந்துவிடும். அதற்கு மாற்றாகக் கிண்ணங்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்துக்குக் கிண்ணம் உலோக வளைவுகளால் இணைத்த இன்னொரு வடிவத்தையும் அதே கடிதத்தில் விவரித்திருக்கிறார். கூடத்தில் அதையும் தேடிப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு ஜோடிக்கு முக்கால் வோல்ட் அளவில் காட்டும். இரண்டு வைத்தால் ஒன்றரை. எண் ஏறுவதைக் குழந்தைகள் தாங்களே பார்க்கட்டும். நாலைந்து ஜோடி ஆனதும் சிறிய சிவப்பு எல்.இ.டி. ஒன்றை, நீளமான காலைக் கீழ் முனைச் செம்பிலும் குட்டையான காலை மேல் முனைத் துத்தநாகத்திலும் வைத்துப் பிடியுங்கள். வெளிச்சம் மங்கலாகத்தான் வரும், அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ரிமோட்டைத் திறந்து காட்டுங்கள். ஒன்றரை வோல்ட் செல் இரண்டு, ஒன்றோடொன்று தொடர்ந்து, மொத்தம் மூன்று வோல்ட். கார் பேட்டரிக்குள் இரண்டு வோல்ட் அறைகள் ஆறு. சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரிக்குள் ஒன்றரை வோல்ட் செல்கள் ஆறு. உறையை மனதால் கழற்றிப் பார்த்தால் எல்லாமே வோல்டாவின் அடுக்குதான். பொருட்கள் மாறியிருக்கின்றன, யோசனை மாறவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பேட்டரியைச் செய்தவர் அது ஏன் வேலை செய்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்வதே போதும், அந்தத் தொடுகை மட்டுமே மின்சாரத்தைத் தள்ளுகிறது, ஈர அட்டை வெறும் வழிதான் என்பது அவர் எண்ணம். துத்தநாகம் அரிக்கப்படுவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அரிப்புதான் இயக்கமே என்று வேதியியல் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் லண்டன் வந்த வேகத்தில், 1800 மே மாதமே, வில்லியம் நிக்கல்சனும் ஆந்தனி கார்லைலும் ஓர் அடுக்கைச் செய்து, அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். 1807-ல் ஹம்ப்ரி டேவி பெரிய பேட்டரிகளை வைத்துப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதல்முறையாகத் தனியே பிரித்தார். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே 1897-ல்தான் தெரிந்தது. வோல்டா இறந்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்த பொருள் சரியாக இருந்து, சொன்ன காரணம் தவறாக இருக்க முடியும் என்பதைப் பாடப்புத்தகம் குழந்தைகளுக்குச் சொல்வதே இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று சொன்னால் மனதில் நிற்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வோல்டா நாக்கில் உலோகம் வைத்த கதையைக் கேட்ட குழந்தை, வீட்டுக்கு வந்ததும் கைக்குக் கிடைத்த பேட்டரியை வாயில் வைத்துப் பார்க்கும். கதை சொல்லும்போதே அதைத் தடுத்துவிடுங்கள், முக்கியமாகப் பட்டன் செல்களை. பொம்மைகளிலும் கார் சாவிகளிலும் எடை பார்க்கும் கருவிகளிலும் இருக்கிற அந்தத் தட்டையான வட்டச் செல்லை விழுங்கினால், உணவுக்குழாயின் ஈரமே அங்கே உப்புத் தண்ணீர்த் துணியின் வேலையைச் செய்யும். மின்சாரம் அந்தச் சதை வழியாக ஓடத் தொடங்கி, செல்லின் மைனஸ் முனைப் பக்கம் கடுமையான காரப்பொருள் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். ரிமோட்டுக்குப் போதாத பழைய செல்லிலும் இதற்குப் போதுமான வோல்ட் மிச்சம் இருக்கும். எனவே பழையதையும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, இருமலோ வலியோ தெரியட்டும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள்.